பை நாலு கிலோ, பயணம் கோத்தகிரி

"ஏழு கிலோ முந்நூறு" என்றார் அண்ணாச்சி.

எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடை. நாளிதழ்க் கட்டுகளை மாட்டித் தூக்கும் தொங்குதராசின் கொக்கியில் என் முதுகுப்பை ஆடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை இரவு எட்டு மணி. எனக்குப் பின்னால் பெரியம்மா தன் பையை அணைத்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் தோழியின் மகள். கடைக்கு எதிரே இஸ்திரி வண்டிக்காரர்கூட வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவை பாருங்களேன்."

"எத்தனை தடவை பார்த்தாலும் அதேதான்க்கா. பேப்பரா இருந்தா காசாவது குடுத்திருப்பேன்."

எங்கள் சட்டம் நாலு கிலோ. ஆளுக்கு ஒரு பை, அது நாலு கிலோவைத் தாண்டக் கூடாது. வெள்ளி இரவு கிளம்பி, சனி ஞாயிறு கோத்தகிரியில் இருந்துவிட்டு, திங்கள் காலை சென்னைக்குத் திரும்பும் ஆறு பேர் சேர்ந்து போட்ட சட்டம். போய் வந்த கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தைய நான்கைந்து நாளில் வீட்டுக்குள் நடக்கும் திருவிழாவை யாரும் எழுதுவதில்லை. எனக்குப் பயணத்தில் பாதி சந்தோஷம் அதில்தான் இருக்கிறது. அதனால் இந்த முறை திரையை விலக்கி உங்களையும் உள்ளே கூப்பிடுகிறேன், வாருங்கள்!

முதலில், ஏன் கோத்தகிரி? நீலகிரி என்றதும் எல்லோருக்கும் ஊட்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த மலை எவ்வளவு வண்டியைத்தான் தாங்கும்? சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவரச் செய்தது. 2025 ஏப்ரலில் கோடைக்கூட்டத்துக்கு உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. இதைப் படித்த அன்றே எங்கள் குழுவில் முடிவாகிவிட்டது: கார் கிடையாது. கார் இல்லை என்றால் டிக்கி இல்லை. டிக்கி இல்லை என்றால் சுமப்பதெல்லாம் நம் தோளில்தான். நாலு கிலோ சட்டம் பிறந்தது இப்படித்தான்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிடக் குளிர் கொஞ்சம் குறைவு, கூட்டம் ரொம்பவே குறைவு. கோத்தர்களின் ஊர் என்பதுதான் பெயரின் வேர். பானை வனைவதிலும் இசையிலும் பேர்போன கோத்தர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். சுற்றிலும் படுகர்களின் ஹட்டிகள், அதாவது கிராமங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் நேரே ஏறினால் 33 கிலோமீட்டர். நாங்கள் நேரே ஏறப்போவதில்லை. அந்தச் சமாசாரத்துக்கு அப்புறம் வருகிறேன்.

திங்கள்கிழமை இரவு முதல் போன். ஒரு ஹட்டியில் தன் வீட்டின் இரண்டு அறைகளை விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் ஓர் அக்காவைத் தோழி மூலம் பிடித்திருந்தோம். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிட்டு ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்தோம்.

"எத்தனை பேரும்மா வர்றீங்க?"

"ஆறு பேருக்கா. எல்லாரும் பொம்பளைங்க. எங்க பெரியம்மாவுக்கு அறுபத்து நாலு வயசு, கொஞ்சம் மூட்டுவலி."

"அவங்களுக்குக் கீழ் ரூம் குடுத்துடறேன், படி ஏற வேண்டாம். இங்க வாங்க, ஒண்ணும் தூக்கிட்டு வராதீங்க. சில பேரு காய்கறி, மசாலா, அடுப்பு வரைக்கும் கட்டி எடுத்துட்டு வர்றாங்க. என் கொல்லையில பீன்ஸ் இருக்கு, கேரட் இருக்கு, அவரை இருக்கு. களி கிண்டித் தர்றேன்."

"சரிக்கா. ஆனா வெறுங்கையோட வர மனசு வரல. சென்னையிலேருந்து உங்களுக்கு என்ன கொண்டு வரட்டும்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, தயங்கித் தயங்கி, "முருங்கைக்கா கிடைக்குமா? இந்தக் குளிருக்கு இங்க மரம் வராதும்மா. கீரையும் ஒரு கட்டு இருந்தா நல்லாருக்கும்."

ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்! சென்னையில் வீட்டுக்கு வீடு மதில் தாண்டித் தொங்கும் முருங்கை, அங்கே கேட்டு வாங்கும் பொருள். ஒரு வார்த்தை கேட்டதில் பயணத்தின் முகமே மாறிவிட்டது. அதுவரை நாங்கள் அறை எடுத்துத் தங்கப் போகிறவர்கள். அந்த போனுக்குப் பிறகு ஓர் அக்கா வீட்டுக்குக் காய் கொண்டுபோகிறவர்கள்.

மறுநாளே பெரியம்மா முருங்கைக்குப் பொறுப்பேற்றார். காய்க்கு ஈரத்துணி, அதற்கு மேல் பேப்பர். பேப்பர் அண்ணாச்சி கடையிலிருந்து இலவசம். கீரைக்கு அவர் சொன்ன யோசனையில் நான் அசந்துபோனேன். "கீரையை ஏண்டி உக்காந்து ஆயணும்? கட்டோட வெள்ளைத் துணியில இறுக்கிக் கட்டி ராத்திரி வெச்சா காலையில இலை தானா உதிர்ந்து கிடக்கும். ரயில் போகப் போக அது பாட்டுக்கு உதிரட்டும்." அதாவது சென்னையில் கட்டாக ஏறும் கீரை, மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது ஆய்ந்த கீரை. இந்த மூளையை வைத்துக்கொண்டு பெரியம்மா இத்தனை வருடம் கணக்கராக மட்டும் இருந்திருக்கிறார்!

இப்போது பை. புதன் இரவு அண்ணாச்சி சொன்ன ஏழு கிலோ முந்நூறோடு வீட்டுக்கு வந்து, பாயை விரித்து, எல்லாவற்றையும் கொட்டினேன். ஒவ்வொரு பொருளாக அடுக்களைத் தராசில் வைத்துப் பார்த்தபோதுதான் எதிரி யாரென்று தெரிந்தது. ஒரு ஜீன்ஸ் அறுநூறு கிராம், நனைந்தால் மலைக்குளிரில் இரண்டு நாளானாலும் காயாது. வெளியே. இரண்டாவது ஸ்வெட்டர் நானூற்றைம்பது. அதுவும் வெளியே. பருத்திப் பூத்துவாலை, அந்த டர்க்கி டவல், ஐந்நூறுக்கு மேல். அதன் இடத்தில் ஈரோட்டு ஈரிழைத் துண்டு ஒன்று வந்தது. எடை நூற்றைம்பதுகூட வரவில்லை, உதறிக் கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

துண்டு விஷயத்தில் எடையைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. நாங்கள் போவது மாசி மாதம். மழை ஓய்ந்து, மலை ஊர்களில் தண்ணீர் மெல்லச் சுருங்கத் தொடங்கும் சமயம். ஆறு பேருக்கு அந்த அக்கா ஆறு டவலும் ஆறு படுக்கை விரிப்பும் துவைத்தால் எத்தனை வாளித் தண்ணீர் போகும்? ஆகவே ஆளுக்கொரு துண்டும் ஒரு மெல்லிய பருத்திப் போர்வையும் நாங்களே கொண்டுபோகிறோம். விரிப்பு மேல் அதை விரித்துப் படுத்துவிட்டு, வரும்போது மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். குளிக்க ஒரு வாளி வெந்நீர் போதும் என்றும் பேசிவைத்திருக்கிறோம். பையில் முந்நூறு கிராம் கூடுகிறதுதான். கூடட்டும்.

பெரிய மிச்சம் எங்கே கிடைத்தது தெரியுமா? பொதுவில். ஆறு பேரும் கொண்டுவந்ததைப் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் பரப்பியபோது ஆறு பற்பசை, ஆறு சார்ஜர், ஐந்து தைலம், நாலு டார்ச், மூன்று தலைவலி மாத்திரை அட்டை! ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் வைத்து மீதியைத் திருப்பி அனுப்பினோம். தைலம் பெரியம்மாவிடம், சார்ஜர் எங்கள் குழுவின் கல்லூரிப் பெண்களில் ஒருத்தியிடம், டார்ச் என்னிடம், மருந்துப் பொட்டலம் செவிலியராக இருக்கும் தோழியிடம். ஒருத்தியிடம் கேட்காமல் இன்னொருத்தி பல்கூடத் தேய்க்க முடியாது. ஆறு பேர் ஒரு குடும்பமாவதற்கு இதைவிடச் சுருக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் என் பையில் மிஞ்சியவை: இரண்டு குர்த்தா, ஒரு பைஜாமா, உள்ளாடைகள், காலுறை இரண்டு ஜோடி, குரங்குக் குல்லா, துண்டு, போர்வை, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், ஒரு டிபன் பாக்ஸ், டம்ளர், டார்ச், ஒரு நோட்டு. ஸ்வெட்டரும் ஷூவும் உடம்பில் ஏறிவிடும், அவற்றுக்குத் தராசு கிடையாது. அடியில் மடித்து வைத்த இரண்டு மஞ்சப்பை.

மஞ்சப்பைக்கும் பாட்டிலுக்கும் காரணம் உண்டு. தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். நீலகிரி அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பே, சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்த காலத்தில், பிளாஸ்டிக்கோடு போரைத் தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு போனால் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊருக்குள் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன, பாட்டிலை நீட்டி நிரப்பிக்கொள்ளலாம். டிபன் பாக்ஸ் எதற்கென்றால், மிஞ்சும் சாப்பாட்டை வழியில் வீசாமல் இருக்க. கோத்தகிரிப் பக்கம் கரடி ஊருக்குள் வருவது சாதாரணம். காட்டெருமை தேயிலைத் தோட்டத்தில் நின்று நம்மைப் பார்க்கும். நாம் வீசும் பிரியாணி மிச்சம் அவற்றை வீட்டு வாசல் வரைக்கும் இழுத்துவருகிறது. அந்த வாசலில் மறுநாள் காலை பள்ளிக்கூடம் போக நிற்பது அந்த ஊர்ப் பிள்ளைகள். ஆகவே கொண்டுபோனது தின்பண்ட உறையானாலும், வாழைப்பழத் தோலானாலும் திரும்பவும் மலை இறங்கும். இதற்கு எங்கள் குழுவில் மறுபேச்சு இல்லை.

வியாழன் இரவு மறுபடியும் அண்ணாச்சி கடை. கொக்கியில் பை. தராசில் எண்கள் ஓடி ஓடி நின்றன. மூன்று கிலோ எண்ணூறு! இஸ்திரிக்காரர் கைதட்டினார். பெரியம்மா பை மூன்று ஐந்நூறு. அவர்தான் முதல்.

இனி, நேரே ஏறப்போவதில்லை என்று சொன்னேனே, அந்தச் சமாசாரம்: மலை ரயில். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணிவாக்கில் கிளம்பி விடிகாலையில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. நடைமேடை மாறினால் 7.10-க்கு மலை ரயில். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டோம். அதைக் கைப்பேசித் திரையில் காட்டியபோது கல்லூரிப் பெண்கள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்தார்.

இந்த ரயிலை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பாதை திறந்தது 1899. ஊட்டி வரை நீண்டது 1908. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது 2005-இல். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஏறத்தாழ பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரும் செங்குத்து. இப்போது தள்ளும் நீராவி எஞ்சின்களில் சில, நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்தவை. வழியில் தண்ணீர் குடிக்க நிற்கும். நின்றால் இறங்கி டீ குடிக்கலாம், குரங்குகளிடமிருந்து கைப்பையைக் காப்பாற்றிக்கொண்டே. பெட்டி சிறியது, பெரிய சூட்கேஸுக்கு இடமே இல்லை. மடியில் வைத்துக்கொள்ள நாலு கிலோ பைதான் சரி. குன்னூரில் இறங்கி, பேருந்து நிலையம் நடந்து, அரசுப் பேருந்தில் ஒரு மணி நேரம் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே போனால் கோத்தகிரி.

போய் என்ன செய்வோம்? கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி, கன்னேரிமுக்கில் ஆங்கிலேய ஆட்சியர் ஜான் சல்லிவன் கட்டிய பழைய பங்களா எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. நேரம் இருந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் அடுத்த முறை. என் மனம் முழுக்க லாங்வுட் சோலையில்.

ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, 116 ஹெக்டேர் பரப்பில் மிஞ்சியிருக்கும் சோலைக்காடு அது. 2024 ஜனவரியில் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ராம்சர் என்றால் நமக்கு வேடந்தாங்கல், பள்ளிக்கரணை என்று ஏரியும் சதுப்பும்தான் கண்ணில் வரும். இங்கே ஒரு காட்டுக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்கிறது. காரணம், சோலை என்பதே ஒரு நீர்த்தொட்டி. மழையை இலையில் வாங்கி, பாசியில் பிடித்து, மட்கில் இறக்கி, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள ஊர்களின் குடிநீர் அந்தச் சொட்டுகள்தான். அதைக் காக்க ஊர்க்காரர்களே குழு அமைத்துப் பல வருடம் பாடுபட்டிருக்கிறார்கள். நீலகிரிச் சிரிப்பான் என்று ஒரு பறவை, இந்த மலைப்பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அதன் குரலையும் அங்கே கேட்கலாம். வனத்துறை அனுமதி வாங்கி, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துத்தான் உள்ளே போகப்போகிறோம். ப்ளூடூத் ஸ்பீக்கர் பெரியம்மா வீட்டு அலமாரியில் பூட்டியாகிவிட்டது.

பையில் ஒரு நோட்டு என்றேன் அல்லவா, அதையும் காட்டிவிடுகிறேன். ஆளுக்கு ஐயாயிரம் பட்ஜெட். ரயில், பேருந்துக் கட்டணம் போக மிஞ்சுவது யார் கைக்குப் போக வேண்டும் என்று இடப்பக்கம் எழுதி, என்ன வாங்குவது என்று வலப்பக்கம் எழுதியிருக்கிறோம். முதல் வரி, அந்த அக்கா. பேரம் இல்லை, அறைக்கும் சாப்பாட்டுக்கும் அவர் சொன்ன தொகை. அடுத்த வரி, தேயிலை. நீலகிரியில் பல்லாயிரம் சிறு விவசாயிகள் தேயிலை போட்டிருக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு அவர்கள் போராடுவது நேற்று இன்று தொடங்கியதில்லை. அவர்களுடைய கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையம் இண்ட்கோசர்வ். நாங்கள் வாங்கும் தூள் அந்தக் கூட்டுறவுத் தூளாகத்தான் இருக்கும். மூன்றாவது, தேன். 1993-இல் தொடங்கிய கீஸ்டோன் அறக்கட்டளை கோத்தகிரியில்தான் இருக்கிறது. பாறை இடுக்கில் தேனெடுக்கும் குறும்பர், இருளர் போன்ற பழங்குடிகளோடு அன்றிலிருந்து வேலை செய்கிறது. அதிலிருந்து கிளைத்த லாஸ்ட் ஃபாரஸ்ட் கடையில் கசப்புத் தேன்கூடக் கிடைக்கும். தேன் கசக்கும் என்றதும் கல்லூரிப் பெண்கள் நம்பவே இல்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கட்டும்.

நாலாவது வரியைப் பெரியம்மா தன் கையாலேயே எழுதினார்: தோடர் பூவேலைத் துணி. வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும். வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணிக் குத்தும் வேலை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அழகு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. "விலை கேட்டுட்டு அதிகம்னு சொல்லக் கூடாது. எத்தனை நாள் உக்காந்து எண்ணியிருப்பாங்கன்னு கேக்கணும்" என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறார். கடைசி வரி வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைக்குள் அடங்கும் முறுமுறு உருண்டை, பிட்டால் ஏடு ஏடாகப் பிரியும். சூடான டீயில் முக்கி, ஊறிக் கரைவதற்கு ஒரு நொடி முன் வாயில் போட வேண்டும். அந்த ஒரு நொடிக் கணக்குக்காகவே நான் காத்திருக்கிறேன்.

கணக்குப் பார்த்தால் போகும்போது மூன்று கிலோ எண்ணூறு, திரும்பும்போது ஆறு கிலோவைத் தொடும். முருங்கை இறங்கிய இடத்தில் தேயிலை ஏறும். மஞ்சப்பை இரண்டும் அதற்காகத்தான் அடியில் கிடக்கின்றன. போகும்போதே பையைத் திணித்துவிட்டால், அந்த ஊர் கொடுப்பதை எங்கே வைப்பது?

இதை எழுதி முடிக்கும்போது வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை. வாசலில் ஆறு பைகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருக்கின்றன. ஒன்றின் பக்கவாட்டில் பேப்பர் சுற்றிய முருங்கைக்காய்கள் இரண்டடி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பெரியம்மா கீரைக்கட்டைத் துணியில் இறுக்கி இரண்டாவது முடிச்சுப் போடுகிறார். கோத்தகிரி அக்கா இப்போதுதான் போன் செய்தார்: "ராத்திரி நல்ல குளிரும்மா, காதுக்குத் துணி மறக்காதீங்க."

நீங்களும் ஏதாவது ஒரு மலையூருக்குக் கிளம்புகிறவர்களாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். பையைத் திறப்பதற்கு முன் போனை எடுங்கள். தங்கப்போகும் வீட்டாரிடம், "எங்க ஊர்லேருந்து என்ன கொண்டு வரட்டும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை முதலில் பையில் வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.